ரிப்போர்ட்ல ‘நார்மல்’னு போட்டிருந்தா, அது யாருக்கு நார்மல்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கோடிங் பத்தியும் இல்ல, வேலை மாறுறது பத்தியும் இல்ல. உங்க வாட்ஸ்அப்ல அப்பாவோ அம்மாவோ ஒரு பிடிஎஃப் அனுப்பி, “தம்பி, இதுல என்ன போட்டிருக்குனு பாரு”னு கேப்பாங்கல்ல, அந்த பிடிஎஃப் பத்தி. குறிப்பா அதுல ‘லிப்பிட் ப்ரொஃபைல்’னு வர்ற அந்த ஒரு பக்கம்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. இந்தப் பக்கத்தைத் தப்பாப் படிச்ச ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பாவுக்கு 66 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி ஹார்ட்ல ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. அதுக்கப்புறம் மாத்திரை, நடை, ஆறு மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. போன வருஷம் ஒரு நாள் மதுரையில இருந்து ரிப்போர்ட் அனுப்பினார். நான் மீட்டிங்ல இருந்தேன். திறந்து, எங்கயாவது சிவப்பு எழுத்து இருக்கானு மட்டும் வேகமா ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தேன். இல்ல. “எல்லாம் நார்மல்பா”னு ஒரு வரி போட்டுட்டு மீட்டிங்கைத் தொடர்ந்தேன்.

அஞ்சு மாசம் கழிச்சு அவரோட செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, “கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறீங்களா இல்லையா?”னு கேட்டார். அப்பா என்னைக் கையைக் காட்டி, “இவன்தான் சார் எல்லாம் நார்மல்னு சொன்னான். நார்மல் ஆயிடுச்சேனு அந்த ஒண்ண மட்டும் நிறுத்திட்டேன்”னார்.

அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கலாம். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல இருந்த மூணு பேரோட ரிப்போர்ட்டையும் எடுத்து வெச்சு உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, 84 வயசு அப்பத்தா. நான் கத்துக்கிட்டது ஒரே விஷயம்தான்: ரிப்போர்ட்ல வலது ஓரத்துல இருக்குற அந்த ‘நார்மல் அளவு’ காலத்துக்கு, இது யாரோட ரத்தம்னு தெரியாது.

ரத்தத்துல எண்ணெய் எப்படி ஓடுது?

ரசத்துல தாளிச்சுக் கொட்டுற எண்ணெய் மேலேயே மிதக்கும், தண்ணியோட சேராது. ரத்தத்துலயும் அதே பிரச்சினை. கொழுப்பு அப்படியே மிதந்து போக முடியாது. அதனால உடம்பு அதைப் புரதத்தோட சேர்த்துக் குட்டிக் குட்டி பார்சலாக் கட்டி அனுப்புது. எல்டிஎல், எச்டிஎல், விஎல்டிஎல் எல்லாமே இந்தப் பார்சல் வண்டிகளோட பேரு.

வண்டிக்குள்ள இருக்குற சரக்கு முக்கியமா ரெண்டு. ஒண்ணு டிரைகிளிசரைடு. அது எரிபொருள். சாப்பிட்டதுல மிச்சமான சக்தியை உடம்பு இப்படித்தான் சேமிச்சு வைக்குது. இன்னொண்ணு கொலஸ்ட்ரால். அது எரிபொருள் இல்ல, கட்டுமானப் பொருள். செல் சவ்வு, சில ஹார்மோன்கள், பித்தநீர் இதெல்லாம் செய்ய அது வேணும். உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ராலை உடம்பே, முக்கியமா கல்லீரல், செஞ்சுக்கும்.

கல்லீரல்ல இருந்து விஎல்டிஎல் வண்டி டிரைகிளிசரைடை ஏத்திக்கிட்டுக் கிளம்பும். தசையிலயும் கொழுப்புத் திசுவுலயும் அதை இறக்கும். இறக்க இறக்க வண்டி சின்னதாகி, கடைசியில கொலஸ்ட்ரால் மட்டும் அதிகமா இருக்குற எல்டிஎல் ஆகும். இந்த எல்டிஎல் ரத்தத்துல அதிகமா, ரொம்ப வருஷம் சுத்துனா, ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள போய்த் தங்கிடும். அடைப்பு அங்கதான் ஆரம்பிக்குது. ‘ரொம்ப வருஷம்’கிறது முக்கியம். வயசானவங்க விஷயத்துல ஆபத்து அதிகமா இருக்குறதுக்கு இன்னைக்கு இருக்குற நம்பர் மட்டும் காரணம் இல்ல, நாப்பது அம்பது வருஷமாச் சேர்ந்ததும் காரணம்.

எது அளந்தது, எது கணக்குப் போட்டது?

இது எனக்கு ஆச்சரியமா இருந்த இடம். ரிப்போர்ட்ல ஏழெட்டு வரி இருக்கும். ஆனா பல லேப்ல நிஜமா அளக்குறது மூணுதான்: மொத்த கொலஸ்ட்ரால், எச்டிஎல், டிரைகிளிசரைடு. மீதி கணக்கு. டிரைகிளிசரைடை 5ஆல வகுத்தா விஎல்டிஎல். மொத்தத்துல இருந்து எச்டிஎல்லையும் விஎல்டிஎல்லையும் கழிச்சா எல்டிஎல். 1972ல ஃப்ரீட்வால்ட் குழு வெளியிட்ட ஃபார்முலா இது. இன்னைக்கும் நிறைய ரிப்போர்ட் இதுலதான் ஓடுது.

அப்பாவோட அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டையே எடுத்துக்கோங்க. மொத்தம் 156, எச்டிஎல் 41, டிரைகிளிசரைடு 140. 140ஐ 5ஆல வகுத்தா 28. 156ல 41ஐயும் 28ஐயும் கழிச்சா 87. ரிப்போர்ட்லயும் எல்டிஎல் 87னுதான் இருந்தது.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியும். ஒண்ணு, டிரைகிளிசரைடு தப்பா வந்தா எல்டிஎல்லும் தப்பா வரும். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டுனா இந்த ஃபார்முலாவை நம்பக் கூடாது, எல்டிஎல்லை நேரடியா அளக்கணும். ரெண்டாவது, இந்த நம்பர்கள் இயல்பாவே ஆடும். ஒரே ஆளுக்கு, எந்த மாற்றமும் இல்லாம, வாரத்துக்கு வாரம் டிரைகிளிசரைடு 20 சதவீதம் வரைக்கும்கூட சாதாரணமா ஏறி இறங்கும். போன தடவை 150, இந்தத் தடவை 165னா, “அம்மா, நீ என்ன சாப்பிட்ட?”னு சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல.

வெறும் வயித்துல எடுக்கணுமா? மொத்த கொலஸ்ட்ராலும் எச்டிஎல்லும் சாப்பிட்டதால பெருசா மாறாது, டிரைகிளிசரைடுதான் ஏறும். அதனால வழக்கமான பரிசோதனைக்குச் சாப்பிட்டுட்டுப் போனாலும் பரவாயில்லங்கிறது இப்ப பல நாட்டு டாக்டர்கள் ஏத்துக்கிட்ட விஷயம். டிரைகிளிசரைடு ரொம்ப அதிகமா வந்தா மட்டும் வெறும் வயித்துல இன்னொரு தடவை எடுக்கச் சொல்வாங்க. உங்க டாக்டர் வெறும் வயித்துலனு சொல்லியிருந்தா, தண்ணி மட்டும்தான். “ஒரு வாய் காபிதான் குடிச்சேன்”கிறது வெறும் வயிறு இல்ல. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்குற பெரியவங்க பத்து பன்னெண்டு மணி நேரம் சாப்பிடாம இருந்தா சர்க்கரை திடீர்னு இறங்கிடலாம். அன்னைக்கு மாத்திரையை எப்ப போடணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

அப்பா: எல்லாம் பச்சை, ஆனாலும் போதாது

இப்ப என் தப்புக்கு வர்றேன். ரிப்போர்ட்ல எல்டிஎல் பக்கத்துல ‘100க்குக் கீழ்’னு போட்டிருந்தது. அப்பாவுக்கு 87. அதனால சிவப்பு வரல. எங்க வேலையில சொல்லணும்னா, எல்லா யூசருக்கும் ஒரே லிமிட்டை ஹார்ட்கோட் பண்ணி வெச்ச மாதிரி.

அந்த 100 பொதுவான ஆளுக்கு. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க, பைபாஸ் பண்ணவங்க, அடைப்பால பக்கவாதம் வந்தவங்களுக்குக் கோடு வேற இடத்துல இருக்கு. 2024ல கார்டியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இவங்களை மாதிரி மிக அதிக ஆபத்துல இருக்குறவங்களுக்கு எல்டிஎல் 55க்குக் கீழ இருக்கணும். சர்க்கரை நோய் மாதிரி அதிக ஆபத்து இருக்குறவங்களுக்கு 70க்குக் கீழ. ஆக அப்பாவோட 87 நார்மல் இல்ல. டார்கெட்டுக்கு 32 பாயிண்ட் மேல.

இன்னொரு தப்பு அதை விடப் பெருசு. அந்த 87 அப்பாவோட உடம்பு காட்டுன நம்பர் இல்ல, மாத்திரை காட்டுன நம்பர். ஸ்டென்ட் வெச்சப்ப அவருக்கு எல்டிஎல் 142. மாத்திரைதான் அதை 87க்கு இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தது. நிறுத்துன சில வாரத்துலயே பழைய இடத்துக்குத் திரும்பிடும். அஞ்சு மாசம் கழிச்சு வந்தது 138. ஜுரம் மாதிரி குணமாகி முடியுற விஷயம் இல்ல இது. கண்ணாடி போட்டா தெளிவாத் தெரியுது, கழட்டினா மறுபடி மங்கலாத் தெரியுது, அவ்வளவுதான்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெருசு? எல்டிஎல் ஏறக்குறைய 39 பாயிண்ட் குறைஞ்சா, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் மாதிரி பெரிய பிரச்சினைகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையுதுனு பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல தெரிஞ்சிருக்கு. நான் ஒரு வரி மெசேஜ்ல அப்பாகிட்ட இருந்து எடுத்தது அந்தப் பாதுகாப்பைத்தான்.

டாக்டர் மாத்திரையோட அளவைக் கூட்டி, கூட இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். ரெண்டு மாசம் கழிச்சு எல்டிஎல் 54.

அம்மா: சிவப்பா மின்னுன டிரைகிளிசரைடு

அம்மாவுக்கு 61. அவங்க ரிப்போர்ட்ல டிரைகிளிசரைடு 275, சிவப்புல. வழக்கமான கோடு இப்படி: 150க்குக் கீழ நார்மல், 150ல இருந்து 199 வரை எல்லைக்கோடு, 200ல இருந்து 499 வரை அதிகம், 500ம் அதுக்கு மேலயும் மிக அதிகம். 500க்கு மேல போனா, குறிப்பா 1000ஐத் தாண்டுனா, கணையத்துல வீக்கம் வர்ற ஆபத்து இருக்கு. அப்ப தள்ளிப் போடாம டாக்டரைப் பார்க்கணும். 275 அந்த மாதிரி அவசரம் இல்ல. அதுக்குனு சும்மா விடவும் கூடாது. அது எதையோ காட்டுது.

அம்மா என்ன பண்ணாங்க? கொழுப்புனதும் எண்ணெயை நிறுத்திட்டாங்க. முட்டை, தேங்காய்ச் சட்னி எல்லாம் கட். ஆனா காலையில ஆறு இட்லி, மத்தியானம் தட்டு நிறையச் சோறு, மூணு வேளை சர்க்கரை போட்ட டீ, சாயங்காலம் ரஸ்க். இதுல எதுலயும் எண்ணெய் இல்லைங்கிறதால இதெல்லாம் பாதுகாப்புனு நினைச்சாங்க.

இங்கதான் பேரு நம்மளை ஏமாத்துது. டிரைகிளிசரைடு கொழுப்புதான். ஆனா அது ஏர்றதுக்கு முக்கியமான காரணங்கள் சர்க்கரை, அளவுக்கு மீறுன சோறு, மைதா, மது, வயித்தைச் சுத்தி இருக்குற எடை. மிச்சமான மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடா மாத்தி வண்டியில ஏத்தி அனுப்பிடும். டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவுங்கிறது நம்ம தெற்காசியர்கள்கிட்ட அதிகமாப் பார்க்குற ஜோடி. பல நேரம் அதுக்குப் பின்னால சர்க்கரை நோயோ அதோட ஆரம்பமோ இருக்கும்.

எல்டிஎல்லை ஏத்துறது வேற. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், கொழுப்புள்ள ஆட்டுக்கறி இதுல இருக்குற நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய்ப் பாக்கெட்ல ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’னு பெருசாப் போட்டிருப்பாங்க. எந்தத் தாவர எண்ணெய்லயுமே சொல்லும்படியா கொலஸ்ட்ரால் கிடையாது. அந்த வரியை வெச்சு எண்ணெயைத் தேர்ந்தெடுக்காதீங்க.

அம்மாவுக்கு டாக்டர் உடனே டிரைகிளிசரைடுக்குனு மாத்திரை எழுதல. எச்பிஏ1சியும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைவா சுரந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், ஸ்டீராய்டு மாதிரி சில மருந்தாலயும் இந்த நம்பர்கள் ஏறும். தைராய்டு சரியா இருந்தது. எச்பிஏ1சி 7.9. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்குறதே எங்க யாருக்கும் அதுவரைக்கும் தெரியாது. சர்க்கரைக்குச் சிகிச்சை ஆரம்பிச்சு, சோத்தைக் குறைச்சு, டீயில சர்க்கரையை விட்டு, மாடியில தினமும் நடந்து, நாலு மாசத்துல டிரைகிளிசரைடு 170க்கு வந்தது. சர்க்கரை நோய் இருக்குறதால எல்டிஎல்லுக்கும் இப்ப மாத்திரை எடுக்குறாங்க.

இங்க இன்னொரு உபயோகமான கணக்கு இருக்கு. மொத்தத்துல இருந்து எச்டிஎல்லை மட்டும் கழிங்க. அது ‘நான்-எச்டிஎல்’. கெட்ட வண்டிகள் எல்லாத்துலயும் சேர்த்து இருக்குற கொலஸ்ட்ரால் அது. டிரைகிளிசரைடு அதிகமா இருக்குறப்ப எல்டிஎல்லை விட இதை நம்பலாம், சாப்பிட்டுட்டு எடுத்தாலும் பரவாயில்ல. இதுக்கான டார்கெட், அவங்கவங்க எல்டிஎல் டார்கெட்டோட 30ஐக் கூட்டினா வரும். அம்மாவுக்கு மொத்தம் 228, எச்டிஎல் 44. நான்-எச்டிஎல் 184. எல்டிஎல் டார்கெட் 70னா, இது 100க்குக் கீழ இருக்கணும். நான் முன்னாடி பார்த்துட்டு ‘சும்மா ஒரு வரி’னு தாண்டிப் போனது இதைத்தான்.

பெண்களுக்கு மாதவிடாய் நிக்குற சமயத்துல எல்டிஎல் ஏறும்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க. “நாப்பத்தஞ்சு வயசுல பார்த்தேன், நல்லா இருந்துச்சு”னு அம்மா சொன்னா, அது பழைய ரிப்போர்ட்.

அப்பத்தா: குறைஞ்சா எப்பவும் சந்தோஷமா?

அப்பத்தாவுக்கு மொத்த கொலஸ்ட்ரால் 149. மாத்திரை எதுவும் இல்ல. “இந்த வயசுலயும் பாரு”னு வீடே பெருமைப்பட்டது. ஆனா மூணு வருஷம் முன்னாடி அவங்களுக்கு 205. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “எடை குறைஞ்சிருக்கா?”

ஆறு கிலோ குறைஞ்சிருந்தது. சேலையைச் சுத்திக் கட்டுறதால எங்களுக்குத் தெரியல. பல்செட் பொருந்தாம வாய் புண்ணாகி, கஞ்சியும் ரசம் சாதமும் மட்டுமே சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லல.

ரொம்ப வயசானவங்களுக்கு மருந்தில்லாமலே கொலஸ்ட்ரால் இறங்குதுனா, சரியாச் சாப்பிடாதது, உள்ளுக்குள்ள ஏதோ நோய், தைராய்டு அதிகமா சுரக்குறது இப்படி ஏதாவது காரணமா இருக்கலாம். பெரிய இன்ஃபெக்‌ஷனோ ஆபரேஷனோ ஆன புதுசுலயும் நம்பர் தற்காலிகமாக் குறையும். அப்ப எடுத்த ரிப்போர்ட்டை வெச்சு முடிவு பண்ணக் கூடாது.

75 வயசுக்கு மேல, இதய நோய் எதுவும் வராதவங்களுக்குப் புதுசா கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிக்கணுமா? இதுக்கு ஒரே பதில் கிடையாது. 2019ல லான்செட்ல வந்த ஒரு பெரிய தொகுப்புல 28 ஆய்வுகள், 1,86,854 பேர். அதுல 75 வயசைத் தாண்டுனவங்க 14,483 பேர்தான், சுமார் 8 சதவீதம். ஏற்கெனவே இதய நோய் இருக்குறவங்களுக்கு அந்த வயசுலயும் பலன் தெளிவாத் தெரிஞ்சது. நோய் வராதவங்களுக்கு அந்த அளவு தெளிவா இல்ல. அதனால நடமாட்டம், மத்த நோய்கள், எத்தனை மாத்திரை ஏற்கெனவே ஓடுது, அவங்களுக்கு என்ன விருப்பம், எல்லாம் பார்த்துத்தான் முடிவு. அப்பத்தாவுக்கு டாக்டர் எழுதுனது புது பல்செட்டும் தினம் ரெண்டு முட்டையும்.

“அந்த மாத்திரை கை கால் வலிக்குமாமே?”

அப்பா மாத்திரையை நிறுத்துனதுக்கு என் மெசேஜ் பாதிக் காரணம். மீதிப் பாதி, குரூப்ல வந்த ஃபார்வர்டு. “ஸ்டாட்டின் போட்டா தசை போயிடும்”னு.

தசை வலி நிஜமாவே சிலருக்கு வரும். ஆனா 2020ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சாம்சன் ஆய்வைக் கேளுங்க. பக்க விளைவால ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு, சில மாசம் நிஜ மாத்திரை, சில மாசம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாசம் எதுவுமே இல்லனு மாத்தி மாத்திக் குடுத்தாங்க. நிஜ மாத்திரையில வந்த தொந்தரவுல 90 சதவீதம் போலி மாத்திரையிலயும் வந்தது. வலி பொய் இல்ல, அவங்களுக்கு நிஜமாவே வலிச்சது. ஆனா பெரும்பாலும் காரணம் மருந்து இல்ல.

அதுக்காகப் பெரியவங்க சொல்றதைத் தட்டிவிடாதீங்க. கடுமையான தசை வலி, பலவீனம், சிறுநீர் கருப்பாப் போறது இதெல்லாம் வந்தா உடனே டாக்டர்கிட்ட போகணும். புதுசா ஆன்டிபயாடிக் எழுதினா, ஸ்டாட்டின் எடுக்குறதைச் சொல்லணும், சிலது ஒத்துப் போகாது. வலி இருந்தா அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரைக்கு மாத்தலாம். வீட்டுல தானா நிறுத்துறது மட்டும் வேண்டாம்.

அடுத்த பிடிஎஃப் வந்தா

நான் இப்ப செய்யுறது இதுதான். சிவப்பைத் தேடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி: இது யாரோட ரிப்போர்ட், வயசு என்ன, ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட், பக்கவாதம், சர்க்கரை ஏதாவது இருக்கா? மாத்திரை எடுத்துக்கிட்டு வந்த நம்பரா, எடுக்காம வந்ததா? போன ரிப்போர்ட்ல எவ்வளவு? எடை எப்படி?

அப்புறம் ஒரு ஷீட்ல தேதி, எல்டிஎல், நான்-எச்டிஎல், டிரைகிளிசரைடு, எச்பிஏ1சி, எடை, மாத்திரையோட பேரும் அளவும். டாக்டரைப் பார்க்குறப்ப “இவருக்கு எல்டிஎல் டார்கெட் எவ்வளவு?”னு கேட்டு, அந்த நம்பரை மேல எழுதி வெச்சுக்கோங்க. மாத்திரை ஆரம்பிச்சாலோ மாத்தினாலோ ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்குள்ள திரும்பப் பார்க்கணும். சிங்கப்பூர்ல, லண்டன்ல இருந்து வீட்டு ரிப்போர்ட்டைப் பார்க்குறவங்க யூனிட்டைக் கவனிங்க. அங்க மில்லிமோல்ல வரும். எல்டிஎல் 2.6னா இங்க சுமார் 100, டிரைகிளிசரைடு 1.7னா சுமார் 150.

போன வாரம் அப்பா புது ரிப்போர்ட் அனுப்பினார். மறுபடியும் மீட்டிங். “சாயங்காலம் பார்த்துட்டுக் கூப்பிடுறேன்பா, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க”னு போட்டேன். “நீ நிறுத்தச் சொன்னாலும் இனிமே நிறுத்த மாட்டேன்”னு பதில் வந்தது.

நியாயம்தான். உங்க வீட்டுல இருந்து வந்து, நீங்க இன்னும் திறக்காம வெச்சிருக்குற அந்த பிடிஎஃப்பை இன்னைக்குத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.